தும்மலில் பறந்த மண்டபக் கூரை

இதில் வருகிற ஆறு நிஜம். கரையில் இடிந்து கிடக்கிற கட்டடங்களும் நிஜம். மற்றபடி ஆவுடையப்பன் வாயிலிருந்து வந்ததற்கெல்லாம் ஆவுடையப்பனே பொறுப்பு. அவரோ இந்த ஐம்பத்தெட்டு வயதுவரை எதற்கும் பொறுப்பு ஏற்றதில்லை.

நம்பிராசனுக்கு அவர் சித்தப்பா. அப்பா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர், கல்யாணமே செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர். அதனால் அவரை வெறுக்கவும் முடியாது, வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் முடியாது. நம்பிராசன் இலந்தைத்துறை பால் சங்கத்தில் பால் அளக்கிறவன். பால்மானியை முக்கி எடுத்தானென்றால் எந்த வீட்டுப் பாலில் எத்தனை செம்புத் தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். சித்தப்பாவும் அளக்கிறவர்தான். அவருக்கு மானியெல்லாம் கிடையாது.

நம்பிராசனுக்கு முப்பத்துநாலு வயது. இதுவரை நாலு இடம் தட்டிப் போயிருந்தது. முதல் இடத்தில், பையன் சின்ன வயசிலேயே சிறுத்தையின் வாயைக் கிழித்தவன் என்றார் சித்தப்பா. அப்படிப்பட்ட முரடனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று போய்விட்டார்கள். இரண்டாவது இடத்தில், வீட்டில் நூற்றியெட்டுப் பசு என்றார். எங்கள் பிள்ளை சாணி அள்ளியே செத்துப்போவாள் என்று அவர்களும் போய்விட்டார்கள். மூன்றையும் நாலையும் பற்றி நம்பிராசன் பேசுவதே இல்லை.

ஐந்தாவதாக வந்ததுதான் பேராச்செல்வி. கரிசல்காட்டுப் பக்கம், ஆறும் குளமும் இல்லாத ஊர். பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நம்பிராசன் சங்கத்தில் அளவைத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்திருந்தான். அவ்வளவு பிடித்துப் போயிற்று. இனி பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வீடு பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து இலையில் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். இலையில் கை வைத்துவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி.

வருகிற அன்று காலையில் சித்தப்பாவை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் நம்பிராசன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தப்பா, இன்னைக்கு ஒரு நாளு. வாயைத் தொறக்காதிய."

"என்னலே இப்படிச் சொல்லிட்டே! சாஸ்தா மேல சத்தியம். நெசத்தைத் தவிர ஒரு சொல்லு வராது. வந்தா என்னைய ஆத்துல தள்ளு."

பாலத்தில் வேலை நடந்ததால் பஸ் மண்டபத்தடியோடு நின்றுவிடும். அங்கேயிருந்து இலந்தைத்துறைக்கு ஆற்றங்கரை ஓரமாக மூன்று மைல். நம்பிராசன் ஒரு ஆட்டோ சொல்லி வைத்திருந்தான். பஸ் ஸ்டாப்புக்கு வந்து பார்த்தால் ஆட்டோ இல்லை. சித்தப்பா திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். ஆட்டோவில் போனால் ஆற்றங்கரையை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் பெண்ணின் அப்பா கோமதிநாயகம், கையில் குடை, முகத்தில் குடைக்கம்பி மாதிரி மீசை. அடுத்து அவருடைய அக்கா முப்பிடாதி. பெண்ணுக்கு அத்தை, ஆகவே ஊருக்கே அத்தை. கடைசியாகப் பேராச்செல்வியே இறங்கினாள். வீடு பார்க்கப் பெண்ணே வருகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. சித்தப்பா வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள்:

"குடியிருக்கப் போறது நான்லா. நான் பாக்காம வேற யாரு பாக்க?"

நடக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா வாயே திறக்கவில்லை. சத்தியம் வேலை செய்கிறது என்று நம்பிராசன் நினைத்தான். அப்போது அவர்கள் நூறு அடிகூட நடந்திருக்கவில்லை.

அங்கேதான் அந்தக் கல்மண்டபம் வந்தது. பதினாறு தூண், மேலே கூரை இல்லை. தூணுக்குத் தூண் துண்டும் வேட்டியும் காய்ந்தன.

"என்ன இது, தலையில்லாம நிக்கி?" என்று கேட்டாள் முப்பிடாதி அத்தை. சும்மாதான் கேட்டாள்.

சித்தப்பாவின் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. நம்பிராசன் அவரையே பார்த்தான். அவர் ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சாஸ்தா இருக்கிற மலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"எங்க முப்பாட்டன் கட்டுனது சம்மந்தி" என்றார்.

கல்யாணப் பேச்சே முடியவில்லை, அதற்குள் சம்மந்தி. கோமதிநாயகம் ஒரு தடவை இருமினார்.

"ஏழாந் தலைமுறைப் பாட்டன். கட்டி முடிச்ச அன்னைக்கு, அந்த நடுத்தூண்ல சாஞ்சு ஒக்காந்து ஒரு சிட்டிகைப் பொடி போட்டாரு. மூக்குப்பொடி. புதுப் பொடி, காரம் சாஸ்தி. போட்டாரா, தும்முனாரு பாருங்க ஒரு தும்மல்! கூரை அப்படியே எழும்பிட்டு. பருந்து போற ஒசரத்துக்குப் போயி, ஆத்தைத் தாண்டி, அக்கரையில இறங்கிச்சு. அந்தா கெடக்கு பாத்தியளா?"

அக்கரையில் ஒரு பெரிய பாறைப் பலகை கிடந்தது. ஒரு அம்மாள் அதில் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கூரை பறந்துச்சு சரி," என்றாள் முப்பிடாதி அத்தை. "மூக்கு நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஆனா அன்னையிலேருந்து எங்க வம்சத்துல எல்லாருக்கும் மூக்கு கொஞ்சம் பெருசு." சித்தப்பா நம்பிராசனின் மூக்கைக் காட்டினார்.

எல்லோரும் அவன் மூக்கைப் பார்த்தார்கள். பேராச்செல்வியும் பார்த்தாள். அவனுக்கு ஆற்றில் குதிக்கலாம் போலிருந்தது. சித்தப்பாவைத் தள்ளிவிட்டுக் குதித்தால் இன்னும் நல்லது.

ஒருமுறை திறந்துவிட்ட மதகை யார் அடைப்பது? அரை மைல் தாண்டித் தோணிக்குறிச்சி வந்தது. ஆற்றோரம் இருபது வீடு, வீட்டைச் சுற்றிலும் வாழை. முப்பிடாதி அத்தை ஒரு குலையைத் தொட்டுப் பார்த்து, நல்ல குலை என்றாள்.

"இதா? இது இப்பத்து வாழை அத்தை. எங்க தாத்தா காலத்துல இந்தத் தோப்புல ஒரு குலை எறக்க யானை வரும். ஒரு பழத்தை உரிக்க நாலு ஆளு, நாலு பேருக்கும் கூலி கெடையாது, உரிச்ச பழந்தான். தோலை வீணாக்க மாட்டாவ. ஆத்துல போட்டாத் தோணி. ஒரு தோலுல ஒம்பது பேரு ஏறி அக்கரை போவாவ. இந்த ஊருக்குத் தோணிக்குறிச்சின்னு பேரு எப்படி வந்துச்சுங்கிய?"

"வாழைப்பழத் தோலுலயா?" என்றாள் அத்தை. "சறுக்காதா?"

"சறுக்கும்லா! அதனாலதான் துடுப்பே வேண்டாம்."

முப்பிடாதி அத்தை குலையை விட்டுவிட்டு நடந்தாள். நம்பிராசன் அத்தையின் முகத்தைத்தான் கவனித்துக்கொண்டு வந்தான். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோமதிநாயகம் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டே நடந்தார். அவர் முறுக்குகிற வேகம் கூடிக்கொண்டே போனது.

அடுத்து வந்தது கோட்டைச் சுவர். கோட்டை போய்விட்டது, சுவரில் ஒரு துண்டு மட்டும் முட்செடிக்கு நடுவில் நின்றது. அதிலும் அங்கங்கே ஓட்டை.

"பீரங்கி" என்றார் சித்தப்பா, யாரும் கேட்காமலே. "பெரிய படை வந்து வளைச்சுட்டு. எங்க முப்பாட்டன் ஒத்தை ஆளா மேல நின்னு, வார குண்டையெல்லாம் மேல்துண்டுல ஏந்தி ஏந்திக் கீழ வெச்சாரு. உள்ளேயிருந்து முப்பாட்டி சத்தம் குடுத்தா: 'அடுப்புக்கு ஒரு கல்லுதான் கொறையுது. ஒண்ணை எடுத்துட்டு மத்ததை விட்டுட்டு வாங்க, சோறு ஆறுது.' பொண்டாட்டி சொல்லைத் தட்ட மாட்டாரு. ஒரு குண்டை அடுப்புக்குக் குடுத்துட்டு மத்ததை விட்டுட்டாரு. விட்டது வந்து விழுந்த ஓட்டைதான் இவ்வளவும்."

கோமதிநாயகம் நின்றார். குடையைத் தரையில் ஊன்றினார். பேராச்செல்வி அவர் பக்கம் போய் மெதுவாக, "அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள்.

பக்கத்தில் வந்த நம்பிராசன் காதில் அது விழுந்தது. அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுலயுமா?" என்று கேட்டான். அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உங்க சித்தப்பா முழிச்சிருக்கும்போதுதானே கதை விடுதாவ? எங்க அப்பா தூக்கத்துலயும் விடுவாவ."

நம்பிராசனுக்கு முப்பத்துநாலு வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. தன் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் சங்கத்துப் பாலுக்கே வாழ்க்கைப்பட்டுவிடுவது என்று அந்த இடத்தில், அந்த முட்செடிப் பக்கத்தில், முடிவு செய்தான்.

அதற்குள் கோமதிநாயகம் ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஊருல ஆறு இல்லதான். ஆனா எங்க வீட்டுக் கெணறு இருக்கு பாத்துக்கிடுங்க. இந்த வருசம் ஒரு கல்லைப் போட்டா, டொபக்குன்னு சத்தம் அடுத்த வருசம்தான் கேக்கும்."

இந்த இடத்தில் சித்தப்பாவின் ஒரு நல்ல குணத்தைச் சொல்லியாக வேண்டும். எவன் என்ன அளந்தாலும் அவர் மறுக்க மாட்டார். அடுத்தவன் சரக்கைப் பொய் என்று சொல்லிவிட்டால் நாளைக்குத் தன் சரக்கை யார் வாங்குவான் என்பது அவர் கணக்கு. அதனால் ஆமாம் போட்டு, அதற்கு மேல் ஒரு படி ஏறிவிடுவார்.

"கேக்காம? எனக்குத் தெரியுமே. நீங்க போடுத கல்லு அடியில ஊத்து வழியாப் போயி எங்க ஆத்துலதான் வந்து முளைக்கும். போன மாசம்கூட ஒண்ணு வந்துச்சு சம்மந்தி. கோமதிநாயகம்னு பேரு எழுதியிருந்துச்சு."

கோமதிநாயகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, தோற்றுப்போனதும் தாங்கவில்லை. கொஞ்ச தூரம் வேகமாக நடந்தார். கரையில் ஒரு இடிந்த சத்திரம் தெரிந்தது. இரண்டு சுவர், நடுவில் ஒரு நடை, நடையில் ஒரு ஆடு. சித்தப்பா அதற்கென்று ஒரு முழுக்கதை தயாராக வைத்திருந்தார். வாயைத் திறக்குமுன் கோமதிநாயகம் குடையை நீட்டிவிட்டார்.

"இந்தச் சத்திரம் எங்க முப்பாட்டன் கட்டுனதாக்கும்."

"அப்பா! நம்ம ஊரு இங்கேயிருந்து நாப்பது மைல்" என்றாள் பேராச்செல்வி.

"கட்டிட்டு நடந்து வந்தாரு" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு முகம் ஒரு நிமிஷம் வாடியது. மறுக்கவும் முடியாது, அது அவர் குணம். விட்டுக்கொடுக்கவும் முடியாது, அது அவர் சத்திரம். யோசித்தார். யோசித்தபோது அவர் முகத்தில் பரவிய வெளிச்சத்தைப் பார்த்ததுமே நம்பிராசன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தான்.

"சம்மந்தி! அந்த மகராசன் ஒங்க பாட்டனா! இத்தனை நாளா இதைச் சொல்லாம இருந்தியளே! கட்டுனது ரெண்டு பேருல்லா. கெழக்குச் சுவரு ஒங்க பாட்டன், மேக்குச் சுவரு எங்க பாட்டன். ஒரு தாய் வயித்துப் புள்ளைய. ரெட்டைப் புள்ளைய! ஒரே தொட்டில், ஒரே கிலுகிலுப்பை!"

"அதான பாத்தேன்!" என்று கத்தினார் கோமதிநாயகம். "உங்க மூக்கைப் பாத்தப்பமே நெனைச்சேன்!"

இருவரும் நடுப்பாதையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஆடு எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

முப்பிடாதி அத்தை மட்டும் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்து, தலையில் கை வைத்துக்கொண்டு சத்திரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ பாவி மனுசங்களா! அண்ணன் தம்பி வம்சம்னா நீங்க ரெண்டு பேரும் பங்காளில்லா. பங்காளின்னா இந்தப் பயலும் இந்தப் புள்ளையும் அண்ணன் தங்கச்சில்லா!"

கட்டிப்பிடித்தவர்கள் மெதுவாக விலகினார்கள்.

"ஏழு தலைமுறை ஆயிட்டே" என்று இழுத்தார் சித்தப்பா.

"எழுவது ஆனாலும் பங்காளி பங்காளிதான். யாராவது ஒருத்தரு, நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. சோலி முடிஞ்சுது."

கோமதிநாயகம் மீசையைத் தொட்டார். "எங்க பாட்டன் கட்டுன சத்திரத்தை நான் எப்படி இல்லேன்னு சொல்ல முடியும்?" என்றார். மூன்று நிமிஷத்துக்கு முன்னால் கட்டிய சத்திரம். ஆனால் அதற்குள் அவர் அதில் குடியேறிவிட்டார்.

நம்பிராசன் சித்தப்பாவை மேற்குச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "சித்தப்பா, பொய்யின்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. எனக்காவ."

சித்தப்பா அவனைப் பார்த்தார். வளர்த்த பிள்ளை. இவனுக்குக் காய்ச்சல் கண்ட நாளிலெல்லாம் விடிய விடியக் கதை சொல்லிக் காய்ச்சலையே சிரிக்க வைத்தவர் அவர். அவனுக்காக உயிரைக் கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்டதோ வேறு.

"அந்த வார்த்தை இந்த வாயில வந்ததே இல்லலே. இரு, பாக்கேன்." மூச்சை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "பொ... பொ..." நெற்றியில் வேர்த்துவிட்டது. "பொ... பொழுது ஏறிட்டு."

அவ்வளவுதான் வந்தது. சித்தப்பா சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோமதிநாயகம் குடையை விரித்தார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நம்பிராசன் பஸ் நேரத்தைச் சரியாகச் சொன்னான், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பதினொன்று இருபது. கோமதிநாயகம் வந்த வழியே திரும்பி நடந்தார். அத்தையும் படியிலிருந்து எழுந்தாள்.

பேராச்செல்வி கிளம்பவில்லை. சத்திரத்து நடையில் ஆட்டுக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றாள் சித்தப்பாவைப் பார்த்து. "உங்களை மாமான்னு கூப்பிடவா, சித்தப்பான்னு கூப்பிடவா? சரி, அது கடைசியில. மண்டபத்துக் கூரை அக்கரையில விழுந்துச்சுன்னு சொன்னியள்லா. விழுந்த எடத்துல அப்பம் என்ன இருந்துச்சு?"

சித்தப்பா துண்டை விலக்கினார். இத்தனை வருஷத்தில் கூரை பறந்ததைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. எதன் மேல் விழுந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"நான் சொல்லட்டா? எங்க முப்பாட்டன் போட்ட வாழைத்தோப்பு இருந்துச்சு. தோலு தோணியாப் போவும்னியளே, அந்த வாழை. ஆயிரம் வாழை. கூரை விழுந்ததுல எல்லாம் கூழாயிட்டு. பத்து நாளு ஆத்துல தண்ணி ஓடல, பழச்சாறு ஓடுச்சு. கடல்ல மீனெல்லாம் இனிச்சுப் போச்சு. அந்த வருசம் தூத்துக்குடியில மீன் கொழம்புக்கு ரெண்டு பங்கு புளி ஊத்துனாவ."

போய்க்கொண்டிருந்த கோமதிநாயகம் நின்றார். குடை மட்டும் திரும்பியது, பிறகு ஆளும் திரும்பினார்.

"எங்க பாட்டன் நியாயம் கேட்டு வந்தாரு" என்று தொடர்ந்தாள் பேராச்செல்வி. "உங்க பாட்டன் மானஸ்தரு. கடைசிப் பழத்தோல்ல ரெண்டு பேரும் ஏறி ஆத்து நடுவுல நின்னு பேசுனாவ. 'தோப்பை அழிச்சதுக்கு ஈடா எங்க வம்சத்துல ஒரு பையனை ஒங்க வம்சத்துக்கு மாப்பிள்ளையாத் தாரேன்'னு கையடிச்சுக் குடுத்தாரு. அந்தச் சந்தோசத்துல சேந்து கட்டுனதுதான் இந்தச் சத்திரம். பாத்தவுக, அண்ணன் தம்பி மாதிரில்லா கட்டுதாவன்னு சொன்னாவ. நீங்க அதுல மாதிரியை எங்கேயோ தவற விட்டுட்டிய. பங்காளின்னா மாப்பிள்ளை குடுப்பாவளா, யோசிச்சுப் பாருங்க."

அத்தை மறுபடியும் படியில் உட்கார்ந்தாள்.

"அதோட இன்னொரு சத்தியமும் உண்டு. அது தும்முனதுக்கு. பொண்ணு வீட்டுக்காரவ வந்து கை நனைக்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு வாயைத் தொறக்கப்படாது. தொறந்தா மறுபடி எந்த வீட்டுக் கூரை பறக்கும்னு யாரு கண்டா?" பேராச்செல்வி முந்தானையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். "இப்பம் சொல்லுங்க. இது நெசமா, பொய்யா?"

நம்பிராசனுக்கு மெய் சிலிர்த்தது. பொய் என்றால், அந்தத் தும்மலும் பொய், கூரையும் பொய், ரெட்டைப் பிள்ளையும் பொய், கல்யாணம் நடக்கும். நிஜம் என்றால், பங்காளி உறவு அறுந்தது, கல்யாணம் நடக்கும். ஆனால் சித்தப்பா வாயை மூட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரே கலக்காத கெட்டிப் பால் மாதிரிப் பொய்யை அவன் அன்றுதான் பார்த்தான்.

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த வீட்டுக்கு வருகிற மருமகள் இவ்வளவு பெரிய கையாக இருப்பாள் என்று அவர் கனவு கண்டதில்லை, அவர் எதையும் கனவு காணக்கூடியவர்.

"நெசம்" என்றார் குரல் தழுதழுக்க. "அம்புட்டும் நெசம். அந்தப் பழச்சாறு இருக்குல்லா, அதுல..."

பேராச்செல்வி உதட்டில் விரலை வைத்தாள்.

"அப்பம் நீங்க மாமாதான்" என்றாள்.

மாமா வாயை மூடினார். கோமதிநாயகம் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "நானே இதைச் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். சத்திரம் அவர் கையைவிட்டுப் போகவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

மிச்சம் ஒரு மைல். அந்த ஒரு மைலில்தான் அந்தக் கரையிலேயே பெரிய சங்கதி இருந்தது: ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கிற கோபுரம். பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே, உச்சியில் ஒரு அரசமரம். அதற்கென்று சித்தப்பா ஏழு கதை வைத்திருந்தார், ஏழும் ஒன்றைவிட ஒன்று பெரிசு. அதைக் கடக்கும்போது அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். காது சிவந்திருந்தது.

"ஏன் அண்ணாச்சி, இது யாரு கட்டுனது?" என்றாள் அத்தை.

சித்தப்பா தலையை ஆட்டினார். நம்பிராசன்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

"தெரியாது. ஒரு வெள்ளத்துல சாஞ்சுட்டுங்காவ. போர்டு ஒண்ணு வெச்சிருந்தாவ, அதுவும் அடுத்த வெள்ளத்துல போயிட்டு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அத்தை கோபுரத்தை மறுபடி பார்த்தாள். அது வெறும் இடிந்த கோபுரமாக நின்றது. இரண்டு மைலாக வலிக்காத முழங்கால் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். வெயில் அடிக்கிறது என்றும், செருப்புக் கடிக்கிறது என்றும் சொன்னாள்.

பின்னால் பேராச்செல்வி நம்பிராசனிடம் வீடு எப்படி என்று விசாரித்தாள். அவன் உள்ளதைச் சொன்னான். ரெண்டு அறை, ஒரு பசு, வடக்கு மூலையில் ஓடு ஒழுகும். மழை வந்தால் பாத்திரம் வைக்க வேண்டும்.

"அண்டாவா, சட்டியா?"

"சட்டி போதும்."

அவள் சிரித்துவிட்டாள். முன்னால் போன சித்தப்பாவின் தோள் இரண்டும் குலுங்கின. ஒழுகுகிற மூலையைப் பற்றி அவரிடமும் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

வீட்டை முப்பிடாதி அத்தை மூலை மூலையாகப் பார்த்தாள். ஓட்டை அண்ணாந்து பார்த்தாள், அடுப்பைக் குனிந்து பார்த்தாள். நம்பிராசனின் அம்மா இலையைப் போட்டுச் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றி, ஓரத்தில் ஒரு பழமும் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா கை வைக்கட்டும் என்று கோமதிநாயகம் காத்திருந்தார், அப்பா கை வைக்கட்டும் என்று பெண் காத்திருந்தாள். அத்தை இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நம்பிராசனின் அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். நம்பிராசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். சித்தப்பா இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

அத்தை சோற்றைத் தொடவில்லை. பழத்தை எடுத்து நிதானமாக உரித்தாள். பழத்தை இலையில் வைத்துவிட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, சித்தப்பாவிடம் காட்டினாள்.

"இதுலயா அண்ணாச்சி ஒம்பது பேரு போனாவ?"

சித்தப்பா பேராச்செல்வியைப் பார்த்தார். வாயைத் திறக்க வழியில்லாமல் அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்கே மனசு இளகிவிட்டது.

"ஒரு வார்த்தை" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை மாமா."

சித்தப்பா கையை எடுத்தார். தோலை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"ஒக்காந்தா" என்றார். நின்றால் இன்னும் எத்தனையோ என்று கையை விரித்துக் காட்டினார்.

முப்பிடாதி அத்தை தோலை இலையோரத்தில் வைத்தாள். சோற்றில் கை வைத்து, சாம்பாரை இழுத்துப் பிசைந்தாள்.

"அப்பம் கல்யாணத்துக்கு நாங்க பஸ்ஸுல வரல அண்ணாச்சி" என்றாள். "அம்பது பேரு வாறோம். தோலை அனுப்பி வையுங்க."